உரப் புட்டியைத் திறக்கும் முன்



செடி வளர்க்கும் மீன்தொட்டியைப் புதிதாக வைப்பவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உரம் எத்தனை மில்லி ஊற்றணும்?" சென்னை கொளத்தூரில் எந்த மீன் கடையில் கொஞ்ச நேரம் நின்றாலும் இது காதில் விழும். கடைக்காரர் புட்டியைத் திருப்பி, அச்சிட்ட அளவைக் காட்டுவார். அந்த அளவை எழுதியவருக்கு உங்கள் வீட்டுத் தண்ணீர் தெரியாது. உங்கள் விளக்கு எவ்வளவு பிரகாசம் என்று தெரியாது. அடியில் நீங்கள் என்ன மண் போட்டிருக்கிறீர்கள் என்பதும் தெரியாது. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் உர அளவை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடிக்கு எவ்வளவு பசி என்பதை விளக்கு தீர்மானிக்கிறது. அந்தப் பசியில் எவ்வளவைத் தண்ணீரும் மண்ணும் ஏற்கெனவே ஆற்றுகின்றன என்று பார்த்து, மிச்சத்தை மட்டும் உரமாகக் கொடுக்க வேண்டும். புதுத் தொட்டியில் முதல் மாதம் அந்த மிச்சம் மிகச் சிறியது. இப்படிச் செய்யாமல் உரத்தை ஊற்றிவிட்டு, பாசி வந்ததும் பாசிக்கொல்லி வாங்கப் போகும் அன்பர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்லர், அக்கறை அதிகமானவர்கள். அந்த அக்கறையைச் சரியான இடத்தில் செலவழித்தால் போதும்.

தண்ணீரில் தொடங்குவோம். மேசைமேல் இருப்பது இந்தக் கட்டடத்தின் போர்வெல் தண்ணீர். சோதனைக் குழாயில் 5 மில்லி எடுத்திருக்கிறேன். இது கே.எச். பார்க்கும் திரவம். கே.எச். என்பது தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அமிலம் சேரும்போது பி.எச். சட்டென்று விழாமல் தாங்குவது அதுதான். ஒரு சொட்டு விட்டதும் தண்ணீர் நீலமாகிறது. ஒவ்வொரு சொட்டுக்கும் மூடியைப் போட்டுக் குலுக்க வேண்டும். நான்கு, ஐந்து, ஆறு… இன்னும் நீலம்தான். பதினொன்றில் பச்சை கலக்கிறது. பன்னிரண்டு. பதின்மூன்றில் மஞ்சள். ஆக, கே.எச். 13 டிகிரி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.85 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். அப்படியானால் இந்தத் தண்ணீரில் சுமார் 232. அடுத்த திரவம் ஜி.எச். பார்ப்பது, அதாவது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த மொத்தக் கடினத்தன்மை. இதில் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாற வேண்டும். கூட்டம் தொடங்கும் முன்பே பார்த்துவிட்டேன்: 20 டிகிரி, லிட்டருக்கு சுமார் 357 மில்லிகிராம்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழி இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. நம் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சோறு வடிக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவமாக நாம் தினமும் பார்ப்பது இதைத்தான். செடிக்கு இதன் பொருள் என்ன? கால்சியமும் மக்னீசியமும் புட்டியில் வாங்க வேண்டிய தேவையே இல்லை என்பது முதல் பொருள். நிலத்தடி நீரில் பல இடங்களில் நைட்ரேட்டும் இருக்கிறது. அதற்கு அதே தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். உங்கள் போர்வெல்லில் 30, 40 என்று இருந்தால், தழைச்சத்துக்காகக் காசு கொடுத்து வாங்கும் உரம் குழாயிலேயே வந்துகொண்டிருக்கிறது. ஒருமுறை நைட்ரேட் சோதனை செய்து பார்த்துவிடுங்கள். அந்தச் சோதனையில் இரண்டாவது புட்டியை நன்றாக, கை வலிக்கும் அளவுக்குக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். இன்னொன்று: சில சோதனைப் பெட்டிகள் நைட்ரேட்டாகவும் சில அதிலுள்ள நைட்ரஜனாகவும் எண்ணைக் காட்டும். இரண்டாவது வகை எண்ணை 4.43-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் அளவு கிடைக்கும்.

பலர் கையில் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. அது மின்கடத்தலை அளந்து மொத்த உப்பை மதிப்பிடும் கருவி. என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. 500 என்று காட்டினால் அது சுண்ணாம்பா, சோடியமா என்பதைச் சொட்டுச் சோதனைதான் சொல்லும். இந்த வேறுபாடு முக்கியம். ஏனென்றால் மாடியில் சாஃப்டனர் வைத்திருக்கும் வீடுகளில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது அந்தக் கருவி. சோப்பு நன்றாக நுரைக்கும். செடிக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். சாஃப்டனருக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து பிடியுங்கள்.

என் பரிந்துரை எளிது: போர்வெல் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. தண்ணீர் மூன்று பங்கு. இப்போது பார்த்த தண்ணீரை அப்படிக் கலந்தால் ஜி.எச். சுமார் 5, கே.எச். சுமார் 3 என்று வந்துவிடும். ஏறக்குறைய எல்லாச் செடிக்கும் இது போதும். முழுக்க ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு தாது உப்பைத் தனியாக வாங்கிப் போடுவது, வீட்டில் இருப்பதை வெளியே தள்ளிவிட்டுக் கடையில் வாங்குவது போன்ற வேலை. வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற பெயரில் கொஞ்சம் மூலத் தண்ணீரைக் கலந்துவிடும் அமைப்பு இருக்கும். ஆகவே கலந்த பிறகு மறுபடியும் சொட்டுச் சோதனை செய்து கொள்ளுங்கள். ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் தரை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழையில் மொட்டை மாடியைக் கழுவிவிட்டு, முதல் ஓரிரு மழையை விட்டுப் பிடித்த தண்ணீர் ஆர்.ஓ.வுக்கு நல்ல மாற்று. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டாருக்கு நான் இதுவரை சொன்ன பேச்சே தேவையில்லை. அது இயல்பாகவே மென்னீர். அவர்களுக்குக் கவலை எதிர்ப்பக்கம்: கே.எச். மிகக் குறைந்துவிடாமல் பார்க்க வேண்டும். 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா சேர்த்தால் கே.எச். ஒரு டிகிரி ஏறும். கலக்கவே வசதியில்லை, போர்வெல் தண்ணீர் மட்டும்தான் என்றால் வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்ற செடிகளை வையுங்கள். பைகார்பனேட்டிலிருந்தே கரியை எடுத்துக்கொள்ளும் திறன் அவற்றுக்கு உண்டு. தண்ணீரில் வளரும் மாஸ் வகைகளுக்கு அது கிடையாது.

இங்கே பி.எச். பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரில் கரைந்த கரியமில வாயு, கே.எச்., பி.எச். மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கே.எச். 3 உள்ள தண்ணீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் கரியமில வாயு இருந்தால் பி.எச். 6.5. கே.எச். 13 உள்ள தண்ணீரில் அதே 30 மில்லிகிராம் இருந்தால் பி.எச். 7.1. செடிக்கு இரண்டிலும் கிடைக்கும் வாயு ஒன்றேதான். அப்படியிருக்க, 7-க்குக் கீழே இறக்கியே தீருவேன் என்று அமிலம் ஊற்றுகிறவர்கள் ஓர் எண்ணைத் துரத்துகிறார்கள். அமிலம் பைகார்பனேட்டைத் தின்று தீர்த்ததும் பி.எச். ஒரே இரவில் சரிந்து மீனைக் கொல்லும். பி.எச். மீட்டரை நம்பி வாயுவைக் கணக்கிடவும் வேண்டாம். மண்ணும் மரக்கட்டையும் விடும் அமிலங்கள் கணக்கைக் கெடுத்துவிடும். கே.எச். 4 என்று செய்த திரவத்தில் நிறங்காட்டி சேர்த்துத் தொட்டிக்குள் தொங்கவிடும் சிறு கண்ணாடிக் குமிழ், டிராப் செக்கர், அதைவிட நம்பகமானது. நீலம் என்றால் வாயு குறைவு, பச்சை என்றால் சுமார் 30, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. தொட்டியில் நடக்கும் மாற்றம் அதில் தெரிய ஓரிரு மணி நேரம் ஆகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடுத்து மண். அக்வா சாயில் என்று விற்கும் உருண்டை மண்ணில் சத்து ஏற்றி வைத்திருக்கிறார்கள். அது முதல் சில வாரங்கள் அம்மோனியாவைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். கே.எச்.ஐயும் அது உறிஞ்சும், பி.எச்.ஐ இறக்கும். கடின நீரை மீண்டும் மீண்டும் ஊற்றினால் அந்த உறிஞ்சும் சக்தி சீக்கிரமே தீர்ந்துபோகும், நீங்கள் கொடுத்த விலையும் அதோடு போகும். தண்ணீரைக் கலந்து பயன்படுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுத் தொட்டியில் அம்மோனியாவுக்குத்தான் அஞ்ச வேண்டும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். இரண்டு படிகளுக்கும் வெவ்வேறு பாக்டீரியா வேண்டும் என்று நூறாண்டுக்கு மேல் நம்பியிருந்தார்கள். ஒரே பாக்டீரியா இரண்டையும் செய்யும் என்று 2015-இல் கண்டுபிடித்தார்கள். நைட்ரோஸ்பைரா என்ற இனத்தைச் சேர்ந்தது அது. அதை அடையாளம் கண்ட இடங்களில் ஒன்று மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டி என்பதை மீன் வளர்க்கும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். அம்மோனியா எவ்வளவு விஷம் என்பது பி.எச்.ஐப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷ வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8 என்றால் சுமார் 5 சதவீதம். நம் ஊரில் கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும்போது, அதே பி.எச். 8-இல் அது சுமார் 7 சதவீதம். வாயுவும் பிராணவாயுவும் கரைவது அதே கோடையில்தான் குறைகிறது.

அம்மோனியாவுக்கு மருந்து தண்ணீர் மாற்றுவது. முதல் வாரம் தினமும் பாதி, இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் இரண்டு முறை, மாதம் முடிந்த பிறகு வாரம் ஒரு முறை. தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊரில் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். எடுத்த தண்ணீர் முழுவதையும் மாடித் தோட்டத்துக்கு ஊற்றுங்கள். கத்தரியும் கீரையும் அந்த அம்மோனியாவை விரும்பி எடுத்துக்கொள்ளும். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் இருக்கும். கடைகளில் ஹைப்போ என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட்டில் ஒரு வாளிக்கு ஒரு சிறு பளிங்கு போதும்.

இந்தக் காலத்தில் செடிகள் பழுக்கும். பண்ணையில் இவற்றைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்குள் வேலை செய்யாது. செடி அதைக் கைவிட்டு, நீருக்கான புது இலையை விடும். இலங்கையிலிருந்து உலகெங்கும் போன கிரிப்டோகோரைன் வென்டியை வாங்கி வைத்தால் சில நாளில் எல்லா இலையும் கூழாகி விழுவதைப் பார்க்கலாம். வேர் உயிரோடுதான் இருக்கும். நாற்றைப் பிடுங்கி நட்ட வயல் முதல் சில நாள் வெளிறிக் கிடக்கும். அதைக் கண்டு எந்த விவசாயியும் மறுநாளே யூரியா மூட்டையை அவிழ்ப்பதில்லை. பயிர் வேர் பிடித்துப் பச்சை கட்டும்வரை காத்திருப்பார். தொட்டியிலும் அந்த நிதானம் வேண்டும். பழுத்த இலையைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி அதுவும் அம்மோனியாவாகும். ஜப்பானின் தகாஷி அமானோவை இங்கே பலர் அறிவீர்கள். 2015-இல் லிஸ்பன் கடல்வாழ் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத் தொட்டியை அமைத்தவர்; அதே ஆண்டு மறைந்தார். சத்து மண் போட்ட தொட்டிக்கு ஆரம்ப நாட்களில் அவருடைய முறை தருவது பெரும்பாலும் பொட்டாசியமும் நுண்ணூட்டமும்தான். தழைச்சத்தை மண் கொடுக்கிறது. அதன்மேல் நாம் ஊற்றுவது மிகை.

இனி உரம். பயிருக்குச் சொல்லும் அதே மூன்று பெயர்கள்தான் இங்கேயும்: தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்). 1996-இல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர் எழுதிய கட்டுரை, பாஸ்பேட்டைப் பட்டினி போட்டால் பாசி அடங்கும் என்றது. அதன் பிறகு வெகுகாலம் மணிச்சத்து என்றாலே தொட்டிக்காரர்களுக்கு நடுக்கம். டாம் பார் என்ற அமெரிக்கர், செடி நிறைந்த தன் தொட்டியில் பாஸ்பேட்டைத் தாராளமாகச் சேர்த்தும் பாசி வரவில்லை என்று காட்டினார். எல்லாச் சத்தும் தேவைக்குச் சற்று மேலே இருக்கும்படி போட்டு, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றிவிடும் முறை அவருடையது. அவர் சொன்னது சரி என்பதே என் எண்ணம். பாசி வருவதற்கு வெளிச்சம் மிகுதி, அம்மோனியா, கரியமில வாயுவின் ஏற்ற இறக்கம், நோயுற்ற செடி ஆகியவையே காரணமாக நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது. ஆனால் அவருடைய முழு அளவு பளீர் விளக்கும் சிலிண்டர் வாயுவும் உள்ள தொட்டிக்கு உரியது. மிதமான விளக்குள்ள தொட்டிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

உரத்துக்கு அயல்நாட்டுப் புட்டி தேவையில்லை. சொட்டுநீர்ப் பாசனம் செய்யும் விவசாயிகள் வாங்கும் உரக் கடையில் எல்லாம் இருக்கிறது. 13-0-45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்றால் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 0-0-50 என்றால் பொட்டாசியம் சல்பேட். பையில் உள்ள எண்ணைக் கணக்குக்கு எடுக்காதீர்கள். மணியையும் சாம்பலையும் அது ஆக்சைடு அளவில் சொல்கிறது. நமக்கு வேண்டிய எண்கள் வேறு: பொட்டாசியம் நைட்ரேட்டின் எடையில் 61 சதவீதம் நைட்ரேட், 39 சதவீதம் பொட்டாசியம். மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டில் 70 சதவீதம் பாஸ்பேட்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 57 லிட்டர். மண்ணும் கல்லும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். 18 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டை அரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரையுங்கள். அதில் 10 மில்லி ஊற்றினால் தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 5 மில்லிகிராம் கூடும், பொட்டாசியம் 3 கூடும். இன்னொரு புட்டியில் 1.6 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டை அரை லிட்டரில் கரைத்தால், 10 மில்லிக்கு பாஸ்பேட் 0.5 கூடும். நகைக்கடைத் தராசு போன்ற சின்ன மின்தராசு ஒன்று கையில் இருக்கட்டும். கரண்டி அளவு வேண்டாம். சத்து மண் போட்ட தொட்டியில் மூன்றாம் வாரம்வரை நைட்ரேட் புட்டியைத் தொடாதீர்கள். பிறகு வாரம் ஒருமுறை தொடங்கி, புது இலை வரும் வேகத்தைப் பார்த்து இரண்டாக, மூன்றாக ஏற்றலாம். வெறும் மணல் போட்ட தொட்டி என்றால் இரண்டாம் வாரமே தேவைப்படும்.

இரும்பை மட்டும் தனிப் புட்டியில், வேறொரு நாளில் போடுங்கள். பாஸ்பேட்டோடு சேர்ந்தால் இரும்பு பாஸ்பேட்டாகப் படிந்து இரண்டும் வீண். எந்த இரும்பு என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. இரும்பு பி.எச். 6.5-ஐத் தாண்டினால் நிலைக்காது. நம் தண்ணீருக்கு டி.டி.பி.ஏ. இரும்பு கேட்டு வாங்க வேண்டும், அது 7.5 வரை தாங்கும். 11 சதவீத டி.டி.பி.ஏ. இரும்பு 40 மில்லிகிராம் போட்டால் நம் இரண்டடித் தொட்டியில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் கிடைக்கும். பயிருக்கான நுண்ணூட்டக் கலவைகளில் தாமிரம் இருக்கும். இறால் வளர்ப்பவர்கள் பையின் பின்பக்கத்தைப் படிக்காமல் அதைத் தொட வேண்டாம்.

அளவு சரியா என்று இலை சொல்லும். தழைச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பிவிடும். அதனால் பற்றாக்குறை கீழ் இலையில் தெரியும்: முழு மஞ்சள் என்றால் தழை, ஊசித் துளைகள் என்றால் சாம்பல், நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி மட்டும் வெளிறினால் மக்னீசியம். இரும்பும் கால்சியமும் அப்படி நகராதவை; அவற்றின் குறை கொழுந்தில் தெரியும். கொழுந்து வெளுத்தால் இரும்பு, சுருண்டு கோணினால் கால்சியம். நட்ட முதல் மாதம் இந்த அடையாளங்களை நம்ப வேண்டாம். அப்போது விழுவது பண்ணை இலை. நீருக்குள் பிறந்த இலையை மட்டுமே படியுங்கள்.

விளக்கு முதல் மாதம் ஆறு மணி நேரம், அதுவும் டைமரில். பழுப்பாகப் படியும் டயாட்டம் பாசி புதுத் தொட்டியில் எல்லோருக்கும் வரும். துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். கண்ணாடியில் கடினமான பச்சைப் புள்ளிகள் வந்தால் பல சமயம் பாஸ்பேட் குறைவு என்று பொருள்.

கடைசியாக மீன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனை காட்டிய பிறகு, நான்கைந்து சிறு மீன்களை மட்டும் விடுங்கள். கரியமில வாயு ஓடும் தொட்டியில் அவை விடியற்காலை மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவா என்று சில நாள் கவனியுங்கள். அவற்றுக்குப் போடும் தீனியிலும் தழையும் மணியும் உண்டு. கழிவாக அது தண்ணீருக்கு வந்துசேரும். ஆகவே மீன் வந்த வாரம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு வாரம் கழித்து நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் சோதித்து, நைட்ரேட் 10-க்கும் 20-க்கும் இடையிலும் பாஸ்பேட் 1-க்கும் 2-க்கும் இடையிலும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்த அளவே உங்கள் தொட்டியின் அளவு. வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தவர்கள் மேசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகச் சொட்டு விட்டுப் பார்ப்போம்.